செவலையின் காதுக்குள்ளே

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து நாய் மணி மூக்கில் ரத்தம் வடிந்து செத்துப்போனான். அதற்கு முந்தின இரண்டு நாளும் சோறு தின்னவில்லை. கட்டுத்தரை ஓரமாகவே சுருண்டு கிடந்தான். மூன்றாம் நாள் விடியக்காலையில் பால் கறக்கப் போனபோது மூக்கைச் சுற்றி ரத்தம் உறைந்திருந்தது. "விசம் வெச்சுட்டாங்க" என்றார் மாமா. அப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஆட்டுக்குட்டியை மணி ஒருமுறை துரத்தியும் இருக்கிறான். எங்களுக்கு வேறு யோசனையே வரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நாங்கள் போகவில்லை.

இந்த ஐப்பசியில், இப்போது இருக்கிற நாய் செவலைக்கும் அதே மாதிரி மூக்கில் ரத்தம் வந்தது.

எங்கள் ஊர் மூலனூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஆடு மாடு மேய்கிற கொரங்காடு. கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், மழை விழுந்தால் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல். ஒரு காங்கேயம் மாடு, ஒரு சிந்து, ஒரு கலப்பினப் பசு, பத்துப் பன்னிரண்டு ஆடு, எல்லாவற்றுக்கும் காவலாகச் செவலை. உண்ணி எங்களுக்குப் புதிதில்லை. ஆடு மாடு இருக்கிற இடத்தில் உண்ணி இருக்கும் என்று கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோம். ஒரு பறவைக்கு உண்ணிக்கொக்கு என்றும் ஒரு புதருக்கு உண்ணிச்செடி என்றும் பேர் வைக்கிற அளவுக்கு நம் ஆட்கள் அதோடு பழகியவர்கள். பழகினதுதான் கெடுதலாகப் போய்விட்டது.

செவலையை வண்டியில் போட்டுத் தாராபுரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துப்போயிருந்தது. வயிற்றைத் திருப்பினால் ஊசி முனையால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. அப்புறம் காது மடலை உள்ளும் புறமுமாக விரித்தார். மடிப்புக்குள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சின்னது செம்பழுப்பாக, ராகி அளவில். ரத்தம் குடித்து ஊதினது சாம்பல் நிறத்தில், கொட்டமுத்து மாதிரி. "ஏனுங்க, காதை ஒருநாளாச்சும் திருப்பிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் 28 ஆயிரம்தான் இருந்தன. நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். எர்லிக்கியா என்று பேர் சொன்னார். நாய் உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு உள்ளே போகிற கிருமி. வெள்ளணுக்களுக்குள் குடியேறி, தட்டணுக்களைக் குறைத்துவிடும். ரத்தம் உறைவதற்குத் தட்டணு வேண்டும், அது இல்லாததால்தான் மூக்கில் வடிகிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். பாலில் கலக்க வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டாம், நாலு நாளில் எழுந்து ஓடினாலும் நிறுத்த வேண்டாம் என்றார். சோற்று உருண்டைக்குள் ஒளித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாலை ஆட்டினான். இதே உண்ணிகளால் பபீசியா என்று இன்னொன்றும் வரும், அது சிவப்பணுக்களை உடைக்கும், மூத்திரம் காப்பித் தண்ணி நிறத்தில் போகும், அதற்கு மருந்தே வேறு என்றும் சொன்னார். அதனால்தான் ரத்தம் பார்க்காமல் மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது ஆகாது.

கிளம்பும்போது மணியைப் பற்றிக் கேட்டேன். செத்துப்போன நாய்க்குச் சத்தியம் பண்ண முடியாது, எலி மருந்து தின்றாலும் மூக்கில் ரத்தம் வரும் என்றார். "ஆனா உண்ணி மேல இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். இருந்தது. கழுத்துப் பட்டைக்கு அடியில் கொத்தாக இருந்ததை என் கையாலேயே தடவியிருக்கிறேன்.

அன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். செவலை படுக்கிற மூலைச் சுவரில் பழைய பூச்சு வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் வெளிச்சம் பட்டதும் உள்ளே ஏதோ நகர்ந்தது. ஈர்க்குச்சியை விட்டுக் கிளறினேன். உண்ணிகள், காய்ந்த கூடு கூடாக உரிந்த தோல்கள், கசகசாவைக் கொட்டினது போல முட்டைக் குவியல். தரையில் இல்லை, என் தோள் உயரத்தில். நாய் உண்ணி குடித்து முடித்ததும் நாயைவிட்டு இறங்கி மேலே ஏறுகிற பூச்சி. சுவர் வெடிப்பு, கதவு நிலை, கூரைச் சட்டம் என்று இடுக்கு தேடிப் போய் முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். பொரிகிற குஞ்சுக்கு ஆறு கால், அடுத்த பருவத்தில் எட்டுக் கால். குஞ்சு, இளசு, பெரிசு என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு தடவை நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். பெரிய உண்ணி ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் பல மாதம் சுவருக்குள் காத்துக் கிடக்கும். அப்படியானால் நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. நாயை மட்டும் மாசம் ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் கொத்தனாரை வரச்சொல்லி வெடிப்பெல்லாம் அடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். செவலை படுத்த சாக்கைக் கொளுத்தினோம். சுவருக்கும் தரைக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில் கலந்து, மாடு ஆடு கோழி எல்லாவற்றையும் வெளியே ஓட்டிவிட்டு அடித்தோம். முட்டையை அது ஒன்றும் செய்யாது என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடியும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செவலை குட்டியாக இருந்தபோது மாட்டுக்கு ஊற்றுகிற உண்ணி மருந்தையே எடுத்து, கொஞ்சம் கூடவே கலந்து அவன் மேல் தடவிவிட்டேன். அரைமணி நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கினான். சோப்புப் போட்டு அலசி அலசி ஊற்றிக் காப்பாற்றினோம். பூனை இருக்கிற வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்குத் தடவுகிற பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு எமன். நாயை நக்கினாலும் ஆபத்து. செவலைக்கு இப்போது மூன்று மாதம் தாங்குகிற மெல்லும் மாத்திரை கொடுக்கிறோம். விலை கூடத்தான். "நாய்க்குப் போயி இத்தனை செலவா அம்மிணி?" என்று அத்தை கேட்டார். அந்த 28 நாள் வைத்தியச் செலவைச் சொன்னதும் பேசவில்லை. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த மாத்திரை அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மருந்து இருந்தாலும் கைதான் முக்கியம். கொரங்காட்டு வீட்டில் முள்வாங்கி இல்லாமல் இருக்காது. சாயந்திரம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் செவலையைத் திண்ணையில் படுக்கவைத்துக் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கக்கத்தில், விரலிடுக்கில், வாலடியில் தடவிப் பார்க்கிறேன். தட்டுப்பட்டால் மயிரை விலக்கி, உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல் தோலை ஒட்டி வாயருகே பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்கிறேன். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவேன். முன்பெல்லாம் நகத்தில் வைத்து நசுக்குவோம். அந்த ரத்தம் கைக்கீறலில் பட்டால் நமக்கும் ஆபத்து. சீமெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது இரண்டும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கும். சில கிருமிகள் உண்ணி கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே இறங்கிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளிப்போடவும் முடியாது.

மாட்டு உண்ணி வேறு சாதி. காங்கேயம் மாடு அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கலப்பினத்துக்கு உண்ணியால் தைலேரியா என்கிற நோய் வந்தால் தோள் முன்னால் நெறி கட்டி, காய்ச்சல் ஏறி, பால் சட்டென்று வற்றிவிடும். சீக்கிரம் ஊசி போட்டால் பிழைக்கும். மாட்டுக்கு நான் இப்போது மூலிகைதான் தெளிக்கிறேன். பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டியது. உண்ணிச்செடியை மாடு தின்றால் விஷம், தெளிப்பதோடு சரி. உண்ணி ரொம்ப ஏறிவிட்டால் டாக்டர் மருந்துதான். அந்த நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

மனுசருக்கு வருவதையும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிற ஸ்க்ரப் டைபஸ், சரியாகச் சொன்னால் இந்த உண்ணியால் வருவதில்லை. புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. மழைக்கும் குளிருக்கும்தான் அதிகம். போன வருஷம் என் கொழுந்தியாவுக்கு ஆறு நாள் விடாத காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. கடைசியில் ஒரு நர்ஸ் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் கருப்பாகப் பொருக்குத் தட்டின புண்ணைப் பார்த்துச் சொன்னார். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது, வலியே இல்லை, அதனால் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. காட்டுக்குப் போய்வந்தால் உடனே குளித்து, துணியைச் சுடுதண்ணியில் போட்டு, இடுப்பு, கக்கம், முழங்காலின் பின்பக்கம், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் புதருக்குள் போனதையும் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள். திம்பம் மலைப்பாதை ஏறிக் கர்நாடகக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் செத்த குரங்கைக் கண்டால் கிட்டவே போகாதீர்கள். 1957இல் சிமோகா பக்கம் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சல் 2012இல் பந்திப்பூர் வரை வந்தது. அதைப் பரப்புவது காட்டு உண்ணி.

போன வாரம் நான் மட்டும் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அக்கா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் செவலைக்கு வந்ததையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மணியைப் பற்றியும், நாங்கள் நினைத்ததைப் பற்றியும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்க நாயும் அதே மாசந்தான் கண்ணு செத்துச்சு. மூக்குல ரத்தம் வந்துதான். நாங்க உங்களைத்தான் நெனச்சோம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவர் உள்ளே போய் முள்வாங்கியும் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணியும் கொண்டுவந்தார். புதுசாக எடுத்து வளர்க்கிற குட்டியை என் மடியில் போட்டார். காதைத் திருப்பினேன். இடது காதில் மூன்று, வலது காதில் நாலு.