நான் சொல்லவே இல்லையே

தொலைபேசியில் குறி சொல்லும் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அந்த ஒரு அழைப்பு மட்டும் என்னை விடவில்லை.

"வயசான ஒருத்தர் உங்க பக்கத்துல நிக்கிறாரும்மா. நெஞ்சுல ஏதோ வேதனை தெரியுது" என்றேன். நடுத்தர வயதுப் பெண்குரல், அழுது கட்டிப்போன தொண்டை. அந்த வயதில் பெரும்பாலும் அப்பாவோ மாமனாரோ போயிருப்பார். நெஞ்சு என்றால் மாரடைப்பு, மூச்சுத்திணறல், மனவருத்தம் என்று எல்லாம் அடங்கும். "அப்பா! ஹார்ட் அட்டாக்" என்றார்.

"கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இல்ல, இல்லையா?"

இந்தக் கேள்வியை இழுத்துக் கேட்கப் பழகியிருந்தேன். "இருந்தேனே" என்று பதில் வந்தால், "அதான் கேட்டேன், உங்க கையைப் பிடிச்சிட்டிருக்கிறது தெரியுது" என்பேன். "இல்லை" என்றால் அதுவும் சரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே பதில். பிறகு தானாகவே சொன்னார்: சண்டை, இரண்டு வருடம் பேச்சில்லை. "என்னை மன்னிச்சிட்டாரா சார்?"

"எப்பவோ மன்னிச்சிட்டார்மா."

"ஹார்ட் அட்டாக்னு நான் சொல்லவே இல்லையே. எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர்தான் சொன்னார், சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் பேசாமல் இருந்தேன்.

அவரை ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குணவிவரத்தைத் தன் மாணவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதியது போலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அரைகுறையாகச் சொன்னதை நிரப்பிப் புரிந்துகொள்வது எல்லோரும் தினமும் செய்வதுதான். அது இல்லாமல் பேச்சே நடக்காது.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது, அதில் என்ன தப்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் உளவியலாளர் ரே ஹைமனைப் பற்றிப் படித்தேன். இளவயதில் கைரேகை பார்த்தவர், அதை நம்பவும் செய்தவர். ஒரு நண்பர் சொன்னதால் ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் அதையும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள்.

"இன்னும் மன்னிக்கலம்மா" என்று நான் சொல்லியிருந்தால்? அதையும் நம்பியிருப்பார். இரக்கத்தால்தான் நல்ல பதிலைச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடம் அது. மனம் குளிர்ந்தவர் மறுபடி அழைப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரமே அழைத்தார். வீட்டை விற்கலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"அவசரப்பட வேண்டாம்ங்கிறார்மா" என்றேன்.

"அப்பா எப்பவும் அப்படித்தான் சொல்வார்" என்றார்.