விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை: எங்கள் ஆபீஸில் சரிசெய்த விதம்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் நாகர்கோவில் வடசேரியில். வேலைக்கு வருகிறவர்கள் கருங்கல், தக்கலை, குளச்சல் பக்கம். மாதாமாதம் 11, 20 என்று ஜிஎஸ்டி கெடு, அதோடு ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் ரவுட்டரில் ஓப்பன்விபிஎன் (வீட்டு லேப்டாப்பை இணையம் வழியாக, பூட்டிய பாதையில் ஆபீஸோடு இணைக்கிற விபிஎன் மென்பொருள்) போட்டு, பார்ட்டி வாரியாக ஸ்கேன் பில்லும் எக்செல்லும் கிடக்கிற கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே எடுக்க வழி செய்தோம். ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய எண், முதலிலேயே வாங்கியாயிற்று. அது இல்லாவிட்டால் பல இணைப்புகளில் வெளியிலிருந்து ரவுட்டரை எட்டவே முடியாது, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருப்பார்கள்.

கருங்கலில் இருந்து முதல் போன். "கனெக்டட்னுதான் காட்டுது அண்ணே, ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது. நான் ஒண்ணும் மாத்தல்ல." திரையில் நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்று 80070035-இல் முடிகிற பிழை.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் எண் 192.168.1.10. பிங் செய்து, அதாவது அந்த எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன், வருகிறது என்றார். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன், அப்போதும் வருகிறது! டிவியை அணைத்ததும் நின்றது. அவர்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் எண் கொடுக்கிறது, அதில் 10 அந்த டிவிக்குப் போயிருக்கிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்த எண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, பிறகு எதற்கு அது விபிஎன் வழியாகத் தேடிப் போகப்போகிறது? பெரும்பாலான ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்றுதான் வரும், ஆகவே ஒவ்வொருவர் வீடாக ஏறி மாற்றுவதில் பொருளில்லை. ஆபீஸ் பக்கத்தை 10.20.30 என்று மாற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று, ஏனென்றால் பிரின்டர், ஸ்கேனர், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றிலும் பழைய எண் கையால் எழுதி வைத்திருந்தது. அந்த ஒரு நாள் வேலை அவசியமானது, விபிஎன் போடுகிற எந்த ஆபீஸும் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

அப்புறம் பெயர். ஆபீஸுக்குள் கம்ப்யூட்டர் பெயரைப் போட்டாலே ஃபோல்டர் வரும், நெட்வொர்க் ஐகானிலும் தெரியும். வீட்டிலிருந்து தெரியாது. சின்ன ஆபீஸ்களில் அந்தப் பெயருக்கு உரிய எண்ணை எந்த டிஎன்எஸ் சர்வரும் சொல்வதில்லை, கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கூவிக் கண்டுபிடித்துக்கொள்கின்றன, அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. எனவே \\10.20.30.10 என்று நேராக எண்ணைப் போட்டு டிரைவ் மேப் செய்யச் சொன்னேன்.

அப்போதும் திறக்கவில்லை. அதிக நேரம் பிடித்தது இங்கேதான். ரவுட்டருக்கு பிங் போகிறது, கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொடுத்து 445 போர்ட்டைப் பார்த்தால் ஃபால்ஸ், அதாவது எட்டவில்லை (ஷேர் ஃபோல்டர் போக்குவரத்து முழுக்க டிசிபி 445 என்கிற வாசல் வழியாகத்தான்). ஆபீஸுக்குள் இருந்து பார்த்தால் ட்ரூ. அப்படியென்றால் ஷேரில் குறையில்லை, விபிஎன் வழியாக வருகிறவரை மட்டும் யாரோ வாசலில் தடுக்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபயர்வாலில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் போய், இன்பவுண்ட் ரூல்ஸில் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங், எஸ்எம்பி-இன் (ஷேர் ஃபோல்டர் பேசும் மொழிதான் எஸ்எம்பி) என்ற விதியைத் திறந்து ஸ்கோப் பார்த்தபோது விஷயம் கிடைத்தது. ரிமோட் ஐபி என்ற இடத்தில் லோக்கல் சப்நெட் என்று இருக்கிறது. அதாவது 10.20.30 வரிசைக்காரர்கள் மட்டும் உள்ளே வரலாம். ஆனால் விபிஎன்னில் வருகிறவருக்கு ரவுட்டர் கொடுக்கிற எண் 10.8.0 வரிசை! அந்தப் பட்டியலில் 10.8.0.0/24 (அந்த வரிசை முழுதும்) சேர்த்தேன், பிங்குக்கான எக்கோ ரிக்வெஸ்ட் விதியிலும் அதையே சேர்த்தேன். உடனே திறந்தது.

இந்த இடத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று சொல்வதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைவிட மோசம், விபிஎன் தொல்லையே வேண்டாம் என்று ரவுட்டரில் 445-ஐ நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி வழியாகத்தான். ஊர்ப்பட்ட வியாபாரிகளின் பான் கார்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அந்த ஃபோல்டரில் இருக்கிறது, நம்மை நம்பிக் கொடுத்தது.

சரி, திறந்தது. ஆனால் தக்கலையில் ஒருவருக்கு ஃபோல்டர் பட்டியல் வரும், சின்ன எக்செல் வரும், பெரிய பிடிஎஃப் தொட்டால் பாதியில் உறைந்து நிற்கும். இப்படி இருந்தால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்கிற அளவைச் சந்தேகப்படலாம். சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட், விபிஎன் தன் உறையை மேலே சுற்றும்போது அது பெருத்துவிடுகிறது, வழியில் எங்கோ தங்கிவிடுகிறது. பிங்கில் துண்டாக்காதே என்கிற குறியைப் போட்டு அளவை 1472-இலிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் எந்த அளவில் பதில் வரத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும் (1472 ஏன் என்றால், தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500). பாக்கெட்டைச் சிறிதாக்க ஓப்பன்விபிஎன் கான்ஃபிகில் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் 1300 என்று ஒரு வரி போட்டதும் பிடிஎஃப் இறங்கியது.

விண்டோஸ் 11-இல் 24எச்2 அப்டேட் போட்டவர்களுக்கு இன்னொன்று: பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேர் இப்போது ப்ரோவிலும் திறக்காது. ஆளுக்கொரு யூசர் வைத்துவிடுங்கள், அதுதான் முறையும்.

கணக்கு எழுதும் டேலியை மட்டும் இந்த வழியில் ஓட்டவில்லை. ஷேர் வழியாக ஒவ்வொரு சின்ன வேலைக்கும் போய்வருவதற்குள் திரை நின்றுவிடும், நடுவில் கரண்ட் போனால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு. அதற்கு விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வைத்து ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுகிறோம், ஷேர் ஃபோல்டரில் ஸ்கேன் பில்லும் எக்செல்லும் மட்டும்.