எங்கள் வீட்டு ஜனவரி, ஒலிக்குறிப்புகளாக

ஜனவரி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் நடந்தவற்றைப் படமாக எடுக்காமல் ஒலியாகப் பதிந்து வந்தேன். புகைப்படத்துக்குப் பஞ்சமில்லாத வீடு எங்களுடையது. மூத்தவன் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால் காலமான என் மாமனாரின் குரல் எங்கள் யாரிடமும் இல்லை. அவர் பேரனைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி எழுத்தை ஒரு மாதிரி இழுப்பார். நான் அப்படிக் கூப்பிட்டுக் காட்டினால், "அப்படி இல்லை" என்று எல்லாரும் தலையாட்டுகிறார்கள். சரியாக எப்படி என்று செய்துகாட்ட அவர்களுக்கும் வரவில்லை. அந்த ஏக்கம்தான் இந்த முயற்சிக்கு வித்து.

ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. மகன் 2ஆம் தேதி தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். மகளுக்கு ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் வரவிருந்தது. என் கணவருக்கு ரயில் தடப் பராமரிப்பில் இரவு வேலை. ரயில்கள் ஓடாத அந்தச் சில மணி நேரத்தில்தான் அவர்களுக்கு வேலையே தொடங்கும். அவர் வீடு திரும்பும்போது மகன் பள்ளிக்குக் கிளம்பியிருப்பான். மாலையில் பிள்ளைகள் கதை சொல்லும் நேரத்தில் இவர் அரைத் தூக்கத்தில் இருப்பார். நாள் முழுவதும் வீட்டில் என்ன பேசினோம் என்பது அவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினேன்.

எப்படிச் செய்வது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம். 1979ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் மக்களின் நினைவுகளைப் பதிந்துவருகிறார்கள். தமிழிலும் நேர்காணல்கள் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். சமைத்துக்கொண்டே சிலவற்றைக் கேட்டேன். கேள்வி கேட்பவர் மிகக் குறைவாகத்தான் பேசுகிறார். பதில் முடிந்ததுபோல் தோன்றும் இடத்திலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவுவதில்லை. அந்தச் சிறிய மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நல்ல பகுதி. வீட்டுக்கும் இதே முறைதான் என்று முடிவு செய்தேன்.

கருவி என்று புதிதாக எதுவும் வாங்கவில்லை, கைப்பேசியே போதும். இடம்தான் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடம் ஒலிப்பதிவுக்கு ஏற்றதன்று. வழவழப்பான ஓட்டுத் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி சன்னல் எல்லாம் பேச்சைத் திருப்பியடித்து எதிரொலியாக்குகின்றன. மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறையில் அதே குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பதிகிறது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் காது விசிறிச் சத்தத்தை ஒதுக்கிவிடும், கைப்பேசி ஒதுக்காது. மேசைமேல் நேரடியாக வைத்தால் தம்ளர் வைக்கும் சத்தம்கூடப் பேச்சை அமுக்கிவிடுகிறது. மடித்த துண்டின்மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது சரியாக இருந்தது.

நாங்கள் இருப்பது ஈசூன். செம்பவாங் விமானத் தளத்து ஹெலிகாப்டர்களையும் விடியற்காலைக் குயிலையும் யாராலும் தடுக்க முடியாது. முதலில் அவை வரும்போது பதிவை நிறுத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். இருபது ஆண்டு கழித்துக் கேட்கும்போது அந்தக் குயிலும் எங்கள் வீட்டின் ஓர் அங்கமாகத்தான் இருக்கும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன ஒழுங்கு உதவியது. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களை முன்னால் வைத்தால் எல்லாம் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். சுருக்கப்படாத ஒலி வடிவம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து மெகாபைட் இடம் பிடிக்கிறது. சுருக்கிய வடிவத்துக்கு ஒரு மெகாபைட்டோ அதற்கும் குறைவோ போதும். அன்றாடப் பேச்சைச் சுருக்கிய வடிவத்திலும், என் மாமியார் பழைய கதை சொல்வதைச் சுருக்காமலும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் வேறோர் இடத்தில் ஒரு நகல் உண்டு.

மகனிடமிருந்துதான் தொடங்கினேன். "பள்ளி எப்படி இருந்தது?" என்றால் "நன்றாக இருந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும். நேர்காணல்களில் கேட்டதுபோல் இடத்தையும் ஆளையும் பிடித்துக் கேட்டேன்: "சாப்பாடு வாங்க வரிசையில் நின்றபோது உனக்கு முன்னால் யார் நின்றார்கள்?" அவ்வளவுதான், மடை திறந்தது. முன்னால் நின்ற பையன் காசைக் கீழே போட்டது, இவன் குனிந்து எடுத்துக் கொடுத்தது, இவன் முறை வந்தபோது கோழிச்சோறு தீர்ந்துபோய் மீன் உருண்டை நூடுல்ஸ் வாங்கியது, மீதிக் காசை எண்ணிச் சட்டைப் பையில் போட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னான். வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் கையால் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கிய நாள் அது. தாய்மொழிப் பாடத்துக்கு வகுப்பு பிரிவதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சீனம், மலாய், தமிழ் என்று ஆளுக்கொரு பக்கமாக நடக்க, இவன் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளோடு தமிழ் அறைக்குப் போகிறான். "அங்கே எல்லாருக்கும் என் பெயரைச் சரியாகச் சொல்ல வருகிறது, அம்மா" என்றான். அதில் அவனுக்கு இருந்த நிம்மதி பதிவில் அப்படியே கேட்கிறது.

மாமியார் முதலில் பிடிகொடுக்கவில்லை. "என் பேச்சைப் பிடித்து வைத்து என்ன செய்யப் போகிறாய், கண்ணு?" என்றார். "அத்தை, நீங்கள் நேவல் பேஸ் கதை சொன்னால் போதும்" என்றேன். அவர் சிறுமியாக வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். அவருடைய அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. 1968இல் அந்தப் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியதும், 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதும் எனக்குப் படித்துத் தெரிந்த செய்திகள். அவருக்கு அது வேறு. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"வேலை முடிந்து கேட்டைத் திறந்துவிட்டால் சாலை முழுக்க சைக்கிள்தான். ஒரே மணிச்சத்தம். அதில் எங்கள் அப்பாவின் மணி மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும். மற்றவர்கள் சைக்கிள் 'கிணிங்' என்று அடிக்கும். அப்பாவுடையது 'கிடுக்' என்று ஒரு சத்தம் போடும், உள்ளே ஏதோ கழன்றுபோனது. சரிசெய்யச் சொன்னால் அப்பா மாட்டார். 'என் பிள்ளைக்கு அடையாளம் வேண்டாமா?' என்பார்."

அதன்பின் கீரைத் தண்டு ஒடியும் ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். வெள்ளைக்காரர்கள் போகப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட நாள்களில் அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். அந்தச் சைக்கிளை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு அவர் போட்ட சத்தத்தில் வீடே நடுங்கியதாம். இத்தனை ஆண்டுகளாக இந்த வீட்டில் வாழ்கிறேன். இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. கணவரும் கேட்டதில்லை.

அதன் தொடர்ச்சியாகத்தான் ஒரு சனிக்கிழமை எல்லாரும் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவுக்குப் போனோம். முழங்கால் வலிக்காகத் தன் அம்மாவை அப்பா அங்கே அழைத்துப்போவார் என்று அத்தை சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்த ஊற்று நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. பூங்கா 2020 ஜனவரியில் புதுப்பொலிவுடன் திறந்தது. ஊற்று நீர் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ். படிப்படியான தொட்டிகளில் இறங்கி இறங்கி ஆறிய பிறகே கால் நனைக்க முடியும். முட்டை அவிக்கத் தனி இடம் உண்டு. கொதிக்காத நீர் என்பதால் மஞ்சள் கரு இறுகிய பிறகும் வெள்ளைக் கரு தளதளவென்று நின்றது. மகன் உப்பு போட்டு அதை உறிஞ்சிய சத்தம் இந்த மாதத்தின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்று. திறந்தவெளியில் காற்று ஒலிவாங்கியில் மோதிப் புஸ்ஸென்று கேட்கும். அதற்கு மகளின் காலுறையைக் கைப்பேசியின் அடிப்பக்கத்தில் மாட்டிவிட்டேன். அருமையாக வேலை செய்தது. அத்தை காலை நீரில் விட்டதும் "ஸ்ஸ்… அப்பாடா" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கேம்பல் லேனில் வாங்கிய பானை, பால் பொங்கி அடுப்பில் வழியும் சீறல், எல்லாரும் சேர்ந்து போட்ட "பொங்கலோ பொங்கல்". எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். எங்களுக்கு அது பொக்கிஷம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு வெள்ளிக் கொலுசு போட்டிருக்கிறோம். தவழும்போது கொலுசு தரையில் உராய்ந்து ஒரே இழுப்பாக, சலசலவென்று கேட்கும். மாத நடுவில் ஒரு மாலை, அத்தையும் நானும் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விற்கும் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். துண்டின்மேல் கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் அந்தச் சலசலப்பு. திடீரென்று அது நின்றுவிடுகிறது. நாற்காலிக் கால் லேசாகக் கிறீச்சிடுகிறது. அத்தை இன்னும் விலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது, சல். ஓர் இடைவெளி. சல். இன்னோர் இடைவெளி. சல். "ஏய், நடக்கிறாள், நடக்கிறாள்" என்று அத்தை போட்ட கூச்சலில் மகள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, சிரித்தாள். காணொளி எடுத்திருந்தால் அவளை நிற்கவைத்து, "வா வா" என்று கூப்பிட்டு, நாங்கள்தான் அதை ஒரு நிகழ்ச்சியாக்கியிருப்போம். இதில் அவள் பாட்டுக்குத் தன் முடிவில் நடந்தாள்.

கணவர் அன்று இரவு வேலையிடத்தில் அதைக் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார். முருங்கைக்காய் விலையிலிருந்து தொடங்கி முழுவதையும் கேட்டாராம். காலையில் வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேரே மகள் படுக்கைக்குப் போய், தூங்குகிற குழந்தையின் கொலுசைத் தொட்டுப் பார்த்தார்.

பதிந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பேசியவர், பேச்சின் சாரம் என்று ஒரே ஒரு வரி தட்டச்சு செய்து வைத்தேன். தமிழ்99 விசைப்பலகை கைக்குப் பழகிவிட்டால் இது வேகமாக நடக்கும். இப்படி எந்தத் தடையும் இல்லாமல் கைப்பேசியில் தமிழ் எழுதும்போதெல்லாம் நம் ஊர் நா. கோவிந்தசாமியை நினைத்துக்கொள்கிறேன். இணையம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அதில் தமிழ் தெரிய வேண்டும் என்று உழைத்தவர். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டியவர்களில் முதன்மையானவர். அந்த உழைப்பின் பலனை நான் வீட்டுக் கதைக்குப் பயன்படுத்துகிறேன் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

வீட்டுக்கு ஒரு விதி வைத்திருக்கிறோம். யாராவது "அதை எடுத்துவிடு" என்றால் காரணம் கேட்காமல் அழித்துவிட வேண்டும். அத்தை பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னதை மறுநாள் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். பதிவு ஓடுவது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதால் துண்டை விரிப்பதே அறிவிப்பு. மகன் கோபத்தில் அழும்போது துண்டை மடித்துவிடுவேன். இந்த விதி இருப்பதால்தான் அத்தை இப்போது தயக்கமில்லாமல் பேசுகிறார்.

மாதக் கடைசியில் மகன் தானே துண்டை விரித்து, கைப்பேசியை வைத்து, "அப்பாயி, உங்கள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் நின்றார்கள்?" என்று கேட்டான். அத்தை யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். என்னிடம் ஒருநாளும் சொல்லாத பெயர். அந்தத் தோழியின் கதையே தனியாக நீண்டுபோனது. ஆகவே பிப்ரவரியில் கேள்வி கேட்கும் பொறுப்பு மகனுடையது. பதிவதும் வரி எழுதுவதும் என்னுடையவை. தைப்பூசத்துக்குக் கணவர் பால்குடம் எடுக்கிறார். காலுறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அன்று சிராங்கூன் சாலையில் காற்று எப்படி இருக்குமோ தெரியாது.