ஈயம் இறக்கும் மருந்தும் சத்து மாத்திரைகளும்: என் மாத்திரை நேரங்கள்

பேட்டரி வேலை செய்கிறவர்களுக்கு ஈயம் உடம்பில் ஏறும் என்பது புதுச் செய்தி இல்லை. ஏறியதை இறக்க மருந்து சாப்பிடும் காலத்தில் கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளை எந்த நேரத்தில் சாப்பிடலாம், எந்த நேரத்தில் கூடாது என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது மதுரையில் ஒரு டாக்டரும், எங்கள் தெருவில் மெடிக்கல் வைத்திருக்கும் அக்காவும். கீழே வரும் அளவுகள் எனக்கென்று எழுதிக் கொடுத்தவை. அப்படியே எடுத்து யாரும் சாப்பிட வேண்டாம்.

திண்டுக்கல்லில் எனக்குப் பேட்டரிக் கடை. லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர் எல்லாம் வரும். பழைய பிளேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி டெர்மினல் போடுவதைச் சின்ன வயதிலிருந்து செய்கிறேன். வயிறு முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், மத்தியானமே படுத்துவிடலாம் போல ஒரு அசதி. கேஸ் என்று சொல்லி ரோஸ் நிறச் சிரப்பைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாயிற்று. ஹீமோகுளோபின் 9-க்கு வந்தபோதுதான் ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த லேப் டாக்டர் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகளைக் கண்டு, "என்ன தொழில் செய்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 71 மைக்ரோகிராம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது.

மதுரை டாக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. "கடைக்குப் போறதை நிறுத்துங்க, அப்புறம்தான் கேப்சூல்" என்றார். ஒரு பக்கம் ஈயம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் மருந்து சாப்பிடுவதில் பயனும் இல்லை, ஆபத்தும் உண்டாம். அமெரிக்காவில் ஈயத் தொழிலாளர்களுக்கான 1978 விதிகளில், வேலையில் வைத்துக்கொண்டே முன்னெச்சரிக்கையாக இந்த மருந்துகளைக் கொடுப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே சில முதலாளிகள் ஆளை மாற்றாமல் மருந்தைக் கொடுத்து ஓட்டப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் அதற்குக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேப்சூலுக்கு முன்னால் ஒரு வரிசை ரத்தப் பரிசோதனை எழுதினார்: ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி, ஜிங்க், காப்பர், கூடவே சிறுநீரகம், கல்லீரல். ஈயத்துக்கு வைத்தியம் செய்ய வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் அதே வழியில்தான் ஈயமும் நுழைகிறதாம். உடம்பில் இரும்பு குறைந்தால் அந்த வழி இன்னும் அகலமாகத் திறக்கிறது, ஈயத்துக்கு அது வசதி. கால்சியம் குறைந்தாலும் இதே கதைதான். எலும்பு, ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது. ஜிங்க் விஷயம் வேறு. ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஒரு என்சைமில் ஜிங்க் உட்கார வேண்டிய இடத்தை ஈயம் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்துகள் ஜிங்கையும் கொஞ்சம் சேர்த்து இழுக்கின்றன.

ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் தரையில் கிடந்தது. ஜிங்க் கொஞ்சம் குறைவு. கால்சியம் பரவாயில்லை, வைட்டமின் டி குறைவு. காப்பர் சரியாக இருந்தது. அதனால் இரும்பு, ஜிங்க், கால்சியத்தோடு டி, காப்பர் வேண்டாம். பொதுவாக ஒரு மல்டி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டதற்கு, எது குறைகிறதோ அதை மட்டும்தான் கொடுப்பேன் என்றார்.

மருந்து டி-பென்சிலமைன், 250 மில்லிகிராம் கேப்சூல், மூன்று வேளை. இதைவிடப் பக்கவிளைவு குறைவான சக்ஸிமர் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 1991-லேயே அனுமதி கொடுத்தது. நாங்கள் விசாரித்த கடைகளில் அது கிடைக்கவில்லை, அதனால் பென்சிலமைன்.

இந்தப் பென்சிலமைனுக்கு ஈயம்தான் வேண்டும் என்றில்லை. டாக்டர் சொன்னபடி சொன்னால், அது காலி ஆட்டோ மாதிரி, எந்த உலோகம் முதலில் கை காட்டுகிறதோ அதை ஏற்றிக்கொண்டு போய்விடும். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் வயிற்றிலேயே பிணைந்து, ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்து வீணாகிறது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ஏறுகிற அளவை 100 என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டோடு ஏறுவது 52, ஆன்டாசிட்டோடு 66, இரும்போடு 35 மட்டும். இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ரோஸ் நிறச் சிரப். அதில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. வீட்டில் மிச்சமிருந்த பாட்டிலை மனைவி அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாள்.

இனி நேரம். காலையில் எழுந்ததும், ஆறு மணிக்கு, தண்ணீரோடு முதல் கேப்சூல். காபி கிடையாது, பால் கிடையாது. எட்டு மணிக்கு இட்லியோ தோசையோ, அதோடு வைட்டமின் பி6. பென்சிலமைன் பி6-ஐக் குறைக்கும் என்பதால் அது கட்டாயம். பதினொரு மணிக்கு இரண்டாவது கேப்சூல். ஒன்றரைக்குச் சாப்பாடு, கால்சியம் அதோடு. நான் சாப்பிட்டது கார்பனேட் வகை, அது சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். நாலரைக்கு இரும்பு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு. கால்சியம் இரும்பைத் தடுக்கும் என்பதால் இந்த மூன்று மணி நேர இடைவெளி. ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, ஜிங்க் அப்போது. வெறும் வயிற்றில் ஜிங்க் போட்டால் எனக்குக் குமட்டியது. பத்து மணிக்குக் கடைசிக் கேப்சூல், அப்புறம் படுக்கை.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. உண்மையான பிரச்சினை நாலரை மணி. கடைத்தெரு ஆளுக்கு அது டீ நேரம், டீயோ இரும்பைச் சேரவிடாது. டீயை ஆறு மணிக்குத் தள்ளிப் போட்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் என்னிடம் யாரும் பேசாமல் இருந்தால் நல்லது என்று மனைவி சொல்வாள். இரும்பு மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கும், எனக்கு ஈயத்தால் ஏற்கெனவே அதுதான் தொல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்துக் கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது என்று அப்போது அழுத்திச் சொன்னார். கேப்சூலும் இரும்பும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது இரும்பைத் திடீரென்று நிறுத்தினால், பென்சிலமைன் சட்டென்று கூடுதலாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம். அதற்காகவே சிறுநீரில் புரதம் போகிறதா, வெள்ளையணுவும் தட்டணுவும் குறைகின்றனவா என்று அடிக்கடி பரிசோதனை.

நடுவில் நாக்கில் ருசி போய்விட்டது. ரசம் வாயில் வைத்தால் சூடு தெரிகிறது, மிளகின் காரம் தொண்டையில் தெரிகிறது, புளிப்பும் உப்பும் இல்லை. உப்பு போட மறந்துவிட்டாயா என்று கேட்டு வீட்டில் ஒரு சண்டையே வந்தது. ஊறுகாயை நக்கிப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஜிங்க் போதவில்லையோ, இரண்டாகப் போடலாமா என்று போனில் கேட்டேன். கூடவே கூடாது என்றார். இது பென்சிலமைனின் தெரிந்த பக்கவிளைவுதான், மருந்து ஓடும்போதே பலருக்குத் தானாகத் திரும்பிவிடும். ஜிங்கைக் கூட்டினால் அது காப்பரைக் குறைக்கும். பென்சிலமைனும் காப்பரைத்தான் மும்முரமாக இழுக்கிறது. 1956-ல் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை நோயாளிகளுக்குக் கொண்டுவந்ததே, காப்பர் உடம்பில் தங்கிவிடும் வில்சன் நோய்க்காகத்தான். இரண்டு பக்கமும் காப்பரைச் சுரண்டினால் ரத்தசோகை வேறு வழியில் வந்து நிற்கும். காப்பரை மறுபடி பார்த்தார்கள், அளவோடு இருந்தது. ருசி மெல்ல வந்தது, முதலில் இனிப்பு, கடைசியாகப் புளிப்பு.

மெடிக்கல் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேறொரு டாக்டர் இருமலுக்கு எழுதிய சீட்டைக் கொண்டுபோனேன். கடைசி வரியில் ஒரு சத்து மாத்திரை. அக்கா அட்டையை எடுத்து, என்னிடம் கொடுக்காமல், பின்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் படித்தார். அந்தப் பொடி எழுத்தை அவர் படிப்பதே ஒரு வித்தை. "ஃபெரஸ் ஃப்யூமரேட், ஜிங்க், காப்பர், மாங்கனீஸ், மக்னீசியம்... தம்பி, நீ கேப்சூல் சாப்பிடுறவன்தானே? இது வேணாம், உன் டாக்டரைக் கேட்டுட்டு வா" என்றார். வைட்டமின் என்று பெரிதாகப் போட்டிருக்கும் அட்டையில் உலோகங்கள் இத்தனை பதுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்கப்புறம் எந்த அட்டை வாங்கினாலும் பின்பக்கம் பார்க்கிறேன். ஹெல்த் டிரிங்க் பொடி டப்பாவிலும் இதே பட்டியல்தான்.

சொந்தக்காரர்கள் கொண்டுவந்த யோசனைகளில் பாதி நல்லவை. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாம் சாப்பிட்டேன், கேப்சூல் நேரத்துக்குத் தள்ளி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. சித்தப்பா கொண்டுவந்த பஸ்பப் பொட்டலத்தைத்தான் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். ரத்தம் ஊறும் என்றார். 2004-ல் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக வந்த ஆய்வை டாக்டர் சொல்லியிருந்தார். நல்லதாகவே இருக்கலாம், ஆனால் 71 வைத்திருப்பவன் அந்தச் சோதனைக்கு ஆள் இல்லை. கால்சியத்திலும் எலும்புத் தூள், டோலமைட் கல் இவற்றிலிருந்து எடுத்தவை வேண்டாம் என்றார். அவற்றில் ஈயம் கலந்திருந்த கதைகள் உண்டு.

மைத்துனர் ஒருவர் ட்ரிப்ஸ் ஏற்றி 'டீடாக்ஸ்' செய்யும் இடத்துக்குக் கூப்பிட்டார். மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்து, பார் எவ்வளவு உலோகம் என்று காட்டுவார்களாம். மருந்து கொடுத்தால் யாருக்கும் கூடத்தான் போகும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் என் டாக்டர். அப்புறம் சொன்னதுதான் பயங்கரம். இடிடிஏ என்ற உலோகம் இழுக்கும் மருந்தில் கால்சியம் சேர்ந்த வகை ஒன்று, சேராத வகை ஒன்று. கேட்க ஒரே பெயர் மாதிரி இருக்கும். சேராத வகையை நரம்பில் ஏற்றினால் ரத்தத்திலிருக்கும் கால்சியத்தையே பிடித்து இறக்கிவிடும். 2003-லிருந்து 2005-க்குள் அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெரியவரும் இப்படி இறந்திருக்கிறார்கள். முன்கூட்டியே கால்சியம் மாத்திரை சாப்பிட்டு இதைச் சமாளிக்க முடியாது. மைத்துனரிடம் இதைச் சொன்னேன், அவரும் போகவில்லை.

முதல் சுற்றுக் கேப்சூல் முடிந்து பார்த்தபோது ரத்த ஈயம் 33. வீட்டில் பாயசம் வைத்தார்கள். சில வாரம் இடைவெளி விட்டுப் பார்த்தால் 44. கடைப் பக்கமே போகவில்லை, எப்படி ஏறியது? எலும்பில் இருந்தது ரத்தத்துக்கு இறங்கி வருகிறது, இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். எலும்பில் சேர்ந்த ஈயம் பத்து, இருபது வருஷம்கூடத் தங்கும். கால்சியமும் டி-யும் போதுமான அளவு இருந்தால் எலும்பு அதிகம் கரையாது, ஈயமும் சட்டென்று கொட்டாது. கால்சியத்தை மட்டும் ஏன் விடாமல் தொடரச் சொல்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் 26, அடுத்த தடவையும் பெரிதாக ஏறவில்லை. ஜிங்கை நிறுத்தியாயிற்று. கேப்சூல் முடிந்த பிறகும் இரும்பு மட்டும் ஃபெரிட்டின் நிமிரும் வரை போனது, ஹீமோகுளோபின் இப்போது 12.8.

கடையில் உருக்குகிற வேலை இல்லை. பழைய பேட்டரியை முழுசாகவே பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். 2022 விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. என்னோடு வேலை செய்யும் பையனுக்கும் பரிசோதனை எடுத்தோம், அவனுக்கு 19. "அண்ணே, எனக்கும் அந்தக் கேப்சூல் எழுதித் தரச் சொல்லுங்க" என்று கூடவே வந்தான். டாக்டர் எழுதவில்லை. அவனுக்கும் இரும்பு குறைவு என்பதால் அது மட்டும் ஒரு மாத்திரை, சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும், வேலைத் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். "இவ்வளவுதானா?" என்று வெளியே வந்து என்னிடம் கேட்டான். டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்று சொல்லியிருக்கிறேன்.