ஸ்பாஞ்சுக்குள் இருந்த காற்றுக்கு நான் கட்டிய கப்பல் கூலி

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் தொட்டிகளுக்கான துணைப் பொருள்களை மொத்தமாக விற்கும் சிறிய கடை என்னுடையது. தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், குமிழி விடும் காற்றுக் கல், காற்றுக் குழாய், வலை, தொட்டிக்குள் வைக்கும் அலங்காரப் பானை ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பிராட்வே வியாபாரிகளிடம் வாங்கி வந்த நான், அவற்றைச் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து நேரடியாக வரவழைக்கத் தொடங்கி மூன்று சரக்குகள் முடிந்துவிட்டன. பிராட்வேயில் 68 ரூபாய்க்குக் கிடைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், முதல் சரக்கில் எல்லாச் செலவும் சேர்த்து என் கடை வாசலுக்கு வந்தபோது 70 ரூபாய் அடங்கியது. மூன்றாவது சரக்கில் அதே ஃபில்டரின் அடக்க விலை 62 ரூபாய். இடைப்பட்ட காலத்தில் தொழிற்சாலைக்காரர் தம் விலையில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. அந்த எட்டு ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொடக்க வேலைகள் எளியவை. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நானே எடுத்தேன். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் அந்த எண் முடங்கிவிடும் என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடைச் சுங்கத் துறையில் பதிவு செய்வதையும் சரக்கு கிளம்பும் முன்பே முடித்துவிட்டேன்.

முதல் தவறை அதற்கு அடுத்த படியிலேயே செய்தேன். தொழிற்சாலை இரண்டு விலை கொடுத்தது. அங்குள்ள துறைமுகத்தில் கப்பலேற்றித் தருவதற்கான எஃப்.ஓ.பி. விலை சுமார் 6,000 டாலர். சென்னைத் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த சி.ஐ.எஃப். விலை அதைவிட வெறும் 20 டாலர் கூடுதல். நான்கு கன மீட்டருக்கும் மேற்பட்ட சரக்கை 20 டாலரில் எப்படிக் கடல் தாண்டிக் கொண்டுவர முடியும் என்று கேட்டிருக்க வேண்டியவன், லாபம் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். சரக்கு சென்னைக்கு வந்த பிறகு, சரக்கை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டரைத் தர வேண்டிய அலுவலகத்திலிருந்து வந்த பில் 46,000 ரூபாய். டெலிவரி ஆர்டர் கட்டணம், துறைமுகக் கையாளல், கண்டெய்னர் சரக்கை வைத்துப் பிரிக்கும் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸின் கையாளல், கண்டெய்னரைப் பிரித்த கூலி, ஆவணக் கட்டணம் எனப் பதினொரு வரிகள் அதில் இருந்தன. அவற்றுள் நான்குக்கு இன்றுவரை எனக்குப் பொருள் விளங்கவில்லை.

இதன் சூட்சுமம் பின்னர்தான் புரிந்தது. பல பேருடைய சிறு சரக்குகளை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையில், சீனத்தில் சரக்கைத் திரட்டுபவர்கள் போட்டியின் காரணமாக அங்கே கூலியை ஏறக்குறைய வாங்காமலே விட்டுவிட்டு, இங்குள்ள தங்கள் கூட்டாளி வழியாக இறக்குமதியாளரிடம் அதை வசூலித்துக்கொள்கிறார்கள். அந்த அலுவலகத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அவர்கள் தரும் டெலிவரி ஆர்டர் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே வராது. பேரம் பேச எனக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டாவது சரக்கிலிருந்து எஃப்.ஓ.பி. முறைக்கு மாறி, சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரை நானே நியமித்தேன். மூன்று பேரிடம் விலை கேட்டபோது, கடல் கூலியை மட்டும் கேட்காமல், சென்னையில் டெலிவரி ஆர்டர் கைக்கு வரும்வரை என்னென்ன கட்டணங்கள் வருமோ அத்தனையையும் வரி வரியாக எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டேன். கன மீட்டருக்கு 15 டாலர் என்று சொன்னவரின் மொத்தத் தொகைதான் மூன்றிலும் பெரியது. 45 டாலர் சொன்னவருடையது சிறியது. அந்த ஒரு மின்னஞ்சல் எனக்கு மிச்சப்படுத்திய தொகை, தொழிற்சாலையுடன் இரண்டு வாரம் பேசி நான் குறைக்க முயன்று தோற்ற தொகையைவிடப் பெரியது.

அடுத்தது கன அளவு. எல்.சி.எல். சரக்குக்கு ஒரு கன மீட்டரையும் ஆயிரம் கிலோவையும் சமமாக வைத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி போடுவார்கள். என் முதல் சரக்கு 4.2 கன மீட்டர்; எடையோ 480 கிலோதான். அதாவது அரை டன்னுக்கும் குறைவான பொருளுக்கு நான்கு டன்னுக்குரிய கூலியைக் கட்டியிருக்கிறேன். கடையில் பெட்டிகளைப் பிரித்தபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது. மூவாயிரம் ஸ்பாஞ்சுகள் உப்பிய நிலையில், ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப்பெட்டிக்குள், அந்த அட்டைப்பெட்டிகள் பெரிய பெட்டிகளுக்குள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்து அழுத்தினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது; விட்டால் மீண்டும் உப்புகிறது. கடல் கடந்து நான் வரவழைத்தது பெரும்பாலும் காற்றுதான்.

தலையணைகளை உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சிச் சுருக்கி அனுப்புவதைப்போல இவற்றையும் அனுப்ப முடியுமா என்று தொழிற்சாலையிடம் கேட்டேன். நூறு நூறாக ஒரே பையில் போட்டுக் காற்றை உறிஞ்சித் தருவதற்கு ஒப்புக்கொண்டார்கள். தனி அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்து வேறொரு பெட்டியில் அடுக்கச் சொன்னேன். அவற்றை மடித்துப் பொருளை உள்ளே வைக்கும் வேலையைக் கடைப் பையன்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். உள்ளே வெற்றிடமாக வந்துகொண்டிருந்த பானை வடிவ அலங்காரப் பொருள்களின் வயிற்றுக்குள் காற்றுக் கல் பொட்டலங்களை நிரப்பச் சொன்னேன். எடை கூடியது, ஆனால் கன அளவுக்குத்தான் கூலி என்பதால் கற்கள் ஏறக்குறையக் கூலியின்றி வந்து சேர்ந்தன. எந்தப் பெட்டிக்குள் எந்தப் பொருள் எத்தனை என்பதைப் பேக்கிங் லிஸ்ட்டில் தெளிவாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பானைக்குள்ளிருந்து வேறு பொருள் வருவதைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவதைக் குற்றம் சொல்ல முடியாது. பொருள்களின் எண்ணிக்கை மாறாமலே மூன்றாவது சரக்கு 2.4 கன மீட்டருக்குள் அடங்கியது.

சுங்க வரியைப் பொறுத்தவரை, நாம் குறைக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். அடிப்படைச் சுங்க வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய்ச் சரக்குக்கு 10 ரூபாய் வரி, அந்த வரியின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல உபரிவரியாக 1 ரூபாய், பின்பு 111 ரூபாயின்மேல் 18 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியான ஐ.ஜி.எஸ்.டி. என 19.98 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 31 ரூபாய் கையைவிட்டுப் போனாலும், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரிக்கு அந்த 19.98 ரூபாய், விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்பிவிடும். பணம் சில வாரம் முடங்கும், அவ்வளவே. உண்மையான செலவு 11 ரூபாய். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி வாசலில் கொண்டுவந்து போடுபவர்களிடம் சரக்கைக் கொடுத்தால், சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி நம் பெயரில் இருக்காது. அந்த வரிக் கடனும் கிடைக்காது. அவர்கள் விலை மலிவாகத் தோன்றுவது இதைக் கணக்கில் சேர்க்காதவரைதான்.

அந்த 100 ரூபாய் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலும் கவனம் தேவை. கப்பல் கூலிக்கான ஆதாரம் இல்லாவிட்டால் எஃப்.ஓ.பி. விலையில் 20 விழுக்காட்டையும், காப்பீட்டுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் 1.125 விழுக்காட்டையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. என் சரக்குக்கு அந்த 20 விழுக்காடு 1,200 டாலர். மூன்றாவது சரக்குக்கு நான் உண்மையில் கட்டிய கடல் கூலி 108 டாலர். ஃபார்வர்டரின் பில்லையும் காப்பீட்டுப் பாலிசியையும், சுங்க வேலைகளை நமக்காக முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், நாம் செலவழிக்காத பணத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை.

முதல் சரக்கின் மிக வேடிக்கையான இழப்பு ஓர் இலவசப் பெட்டியால் வந்தது. தொழிற்சாலைக்காரர் அன்பின் மிகுதியால், உடைந்தால் மாற்றிக்கொள்ளட்டும் என்று உறிஞ்சு கப்புகள் நிறைந்த ஒரு பெட்டியைக் கூடுதலாக ஏற்றிவிட்டார். இன்வாய்ஸில் 22 பெட்டிகள், கப்பலேற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் (பி.எல்.) 23 பெட்டிகள். திருத்திய இன்வாய்ஸைச் சீனத்திலிருந்து வாங்குவதற்குள் அங்கே ஒரு விடுமுறை குறுக்கிட்டது. கப்பல் வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாளின் முடிவுக்குள் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். நான் இரண்டு நாள் பிந்தினேன். "தம்பி, கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி டிராஃப்ட் பி.எல்.ல ஒரு தடவ எனக்கு அனுப்பியிருந்தீங்கன்னா இந்தப் பத்தாயிரம் உங்க பையிலயே இருந்திருக்கும்" என்றார் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தின் மூத்த ஊழியர். அந்தக் கப்புகளின் மொத்த மதிப்பு முப்பது டாலர்கூட இராது. இப்போது டிராஃப்ட் வந்தவுடன் பெட்டி எண்ணிக்கை, எடை, ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் அவரும் நானும் தனித்தனியே சரிபார்த்த பிறகே ஒப்புதல் அனுப்புகிறேன்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சுங்க வரிப் பட்டியலின் 8421ஆம் தலைப்பில் நீர் வடிகட்டும் கருவியாக வகைப்படுத்துவதா, 3926ஆம் தலைப்பில் பிளாஸ்டிக் பொருளாக வகைப்படுத்துவதா என்ற கேள்வியையும் அந்த மூத்த ஊழியரிடம்தான் முதலில் விட்டேன். பொருளின் படம், பயன்பாட்டு விளக்கம், மாதிரி ஆகியவற்றை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் கொடுத்து முடிவுசெய்துவிடுவது நல்லது. சரக்கு சி.எஃப்.எஸ்.ஸில் கிடக்கும்போது இந்த விவாதம் நடந்தால், ஒவ்வொரு நாளும் தரை வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

வங்கியில் போகும் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். 30 விழுக்காடு முன்பணம், மீதி பி.எல். நகல் கண்ட பிறகு என்பது எங்கள் ஏற்பாடு. முன்பணத்தை அனுப்பியபோது இடையிலிருந்த வங்கி 25 டாலரைப் பிடித்துக்கொள்ள, தொழிற்சாலை அந்தக் குறையைக் கேட்டு நின்றது; 25 டாலரை அனுப்ப மறுபடியும் ஒரு முழு அனுப்புகைக் கட்டணம் கட்டினேன். இப்போது வெளிநாட்டுக் கட்டணத்தையும் நானே ஏற்பதாகப் படிவத்திலேயே குறித்துவிடுகிறேன். டாலர் விலையிலும் கிளையில் பலகையில் போட்டிருக்கும் விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அந்த நேரத்துச் சந்தை விலையைச் சொல்லிக் கேட்டபோது டாலருக்கு 60 காசு குறைத்தார்கள். 6,000 டாலருக்கு 3,600 ரூபாய். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகக் குறைப்பதில்லை.

இன்வாய்ஸில் பாதி விலையைப் போட்டுத் தருகிறேன் என்று தொழிற்சாலைக்காரர் தாமாகவே முன்வந்து சொன்னார். கேட்கும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் போலும். மறுத்துவிட்டேன். மதிப்பைத் தவறாகக் காட்டிய சரக்கைச் சுங்கத் துறை பறிமுதல் செய்யலாம். வங்கி வழியாகப் போன தொகையும் இன்வாய்ஸும் பொருந்தாமல் நிற்கும். சரக்கு நனைந்து கெட்டால் காப்பீடும் அந்தப் பாதி விலைக்குத்தான் வரும். அதேபோல எல்.இ.டி. விளக்குகளையும் அடாப்டர்களையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். அவற்றுக்கு இந்தியத் தரநிலைகள் அமைப்பின் கட்டாயப் பதிவு வேண்டும். அந்தச் செலவு என் அளவுக்குக் கட்டுப்படியாகாது. அவற்றை இன்றும் பிராட்வேயில்தான் வாங்குகிறேன்.

சில்லறைப் பொட்டலங்களில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விலை முதலியவை சரக்கு சுங்கத்தைவிட்டு வெளிவருவதற்கு முன்பே இருக்க வேண்டும். முதல் முறை சுங்கக் கிடங்கிலேயே ஆள் வைத்து ஒட்டினேன். இப்போது ஸ்டிக்கரின் வடிவத்தை இங்கிருந்தே அனுப்பிவிடுகிறேன். தொழிற்சாலை தன் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டுத் தந்துவிடுகிறது, அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் சரக்கை ஏற்றத் துடிப்பதால் கூலியும் ஏறும், பேக்கிங்கும் அவசரத்தில் கெடும். ஆதலால் அக்டோபரிலேயே ஆர்டரை முடித்துவிடுகிறேன்.

மூன்றாவது சரக்கின் பைகளை ஒரு மாலை கத்தரியால் வெட்டிக் கடையில் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஷட்டரைத் தூக்கியபோது ஸ்பாஞ்சுகள் உப்பி எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் பைகளின் அடியில் இருந்த ஏறத்தாழ இருநூறு ஸ்பாஞ்சுகள் இரண்டு நாள் கழித்தும் ஒரு பக்கம் மடிந்தே நின்றன. தண்ணீரில் ஊறப்போட்டதும் பாதி நிமிர்ந்தன, மீதியை விலை குறைத்துத்தான் விற்றேன். நான்காவது ஆர்டரில் காற்றை முழுவதும் உறிஞ்சாமல் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைக்கும்படியும், ஒரு பையில் ஐம்பதுக்குமேல் போட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். கால் கன மீட்டர் கூடும் என்று தொழிற்சாலையிலிருந்து பதில் வந்திருக்கிறது.