கடைமடைப் புல்

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினோரு ஆண்டுகளாக நீர்ப்பாசனப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர் ராமநாதபுரம் மாவட்டம், கண்மாய்ப் பாசனம். என் தாத்தா எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. தண்ணீர் குறைந்த வருஷங்களில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் வாமடை திறப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். கூலி நெல்லாக வரும். கடைமடை வயல் நனைந்ததைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இந்த வேலையில் சேர்ந்ததும் அப்பாவுக்கு போன் செய்தேன். "குடிக்கத் தண்ணியில்லாத சீமையில பந்து உருட்டப் புல் வளக்குறாகளாப்பா?" என்று கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி மட்டும் இத்தனை வருஷமும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கித்தான் கிரீன், அதாவது பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம், போட்டு ஆடினார்கள். மத்தியக் கிழக்கில் முழுக்கப் புல்லால் ஆன முதல் மைதானம், எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம், 1988இல்தான் திறந்தார்கள். அதற்குப் பிறகு வரிசையாகப் பல மைதானங்கள் வந்தன. பெரும்பாலும் பாய்வது சுத்திகரித்த கழிவுநீர். நகரத்தில் குளித்த, துவைத்த, கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் போய் மைதானத்துக்குள் இருக்கும் எங்கள் ஏரிக்கு வந்து சேர்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் சமாதானமானார். எனக்கு அந்தச் சமாதானம் முழுதாக வரவில்லை. அந்தத் தண்ணீர் நகரத்துக்குள் வந்ததே பெரும்பாலும் கடலைக் காய்ச்சி, உப்பைப் பிரித்துத்தான். ஒவ்வொரு லிட்டரிலும் எரிபொருள் இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்திய தண்ணீர்தானே என்று அலட்சியமாக ஊற்ற மனம் வருவதில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க 10,000 லிட்டர் வேண்டும். 40 ஹெக்டேருக்குப் பாய்ச்சும் 18 ஹோல் (குழி) மைதானத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் என்பது 4 லட்சம் லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் லாரி என்றால் 33 லாரி. இங்கே கோடையில் புல் ஒரு நாளில் 6, 7 மில்லிமீட்டர் வரை இழக்கும். அதனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று, ஸ்பிரிங்க்ளர் ஓடும் நேரத்தைக் குறித்துவைக்கும் கன்ட்ரோலரில் கூட்டிவைக்கும் இரண்டு நிமிடம் சின்ன விஷயமில்லை.

முதல் கோடையில் நானே அப்படித்தான் செய்தேன். ஒரு கிரீனில் புல் நீலம் பாய்ந்து சாம்பல் நிறமாக மாறியது. நடந்தால் கால் தடம் நிமிராமல் அப்படியே பதிந்து கிடந்தது. வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். மூன்று நாள் கூட்டியும் வாட்டம் போகவில்லை. மைதானப் பராமரிப்பைக் கவனிக்கும் சூப்பரின்டென்டென்ட் வந்து மண் எடுக்கும் குழாயைக் குத்தி ஒரு சாண் மண்ணை உருவிக் காட்டினார். மேலே ஒரு விரற்கடை சேறு. அதற்குக் கீழே மணல் மாவு போல உதிர்ந்தது. மக்கிய வேர், இலையிலிருந்து வரும் மெழுகு மாதிரியான பொருள் மணல் பருக்கைகளைச் சுற்றிப் படிந்துவிட்டால் மணலே தண்ணீரை உள்ளே விடாதாம். நான் ஊற்றியதெல்லாம் சரிவில் வழிந்து பங்கர் என்னும் மணல் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. பிறகு துளை போட்டு, மணலை நனைய வைக்கும் மருந்து தெளித்து, கையில் ஹோஸ் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் அந்த இடத்தை மீட்டோம். மேலே பார்த்து முடிவெடுக்கக் கூடாது, மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் தொட வேண்டும் என்பது அன்றைக்குக் கற்றது. தாத்தா மண்வெட்டி முனையால் வயலைக் குத்திப் பார்ப்பாராம். அது எதற்கென்று இங்கே வந்துதான் புரிந்தது.

அதைவிடப் பெரிய பாடம் கோப்பைச் சோதனை. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஒரு ஃபேர்வேயில், அதாவது கிரீன் வரை நீளும் புல்வெளியில், சம இடைவெளியில் ஒரே அளவுக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஸ்பிரிங்க்ளரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி விழுந்தது என்று எழுத வேண்டும். நாங்கள் முதன்முதலில் செய்தபோது ஒரு கோப்பையில் 40 மில்லி, சில அடி தள்ளி இருந்த கோப்பையில் 14. கண்ணுக்கு எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே மாதிரிதான் சுற்றுகின்றன, ஒரே மாதிரிதான் பூவாகத் தெளிக்கின்றன. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

14 மில்லி விழும் இடத்தில் புல் காயும். அது காயக் கூடாது என்பதற்காக மொத்த வரிசையையும் கூடுதல் நேரம் ஓட்டுவோம். 40 மில்லி விழும் இடம் ஏற்கெனவே குளித்துவிட்டது. அங்கே மேலும் மேலும் விழுந்து, வேர் மேலேயே நின்று, பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைக்கு ஒரு மருந்து. ஆக ஒரு கடைமடைக்காக மைதானம் முழுவதையும் மூழ்கடித்துக்கொண்டிருந்தோம். கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றபோது தாத்தா நினைவு வந்தது. குழாய், கம்ப்யூட்டர், பம்ப் என்று எல்லாம் மாறினாலும் கடைமடை என்ற ஒன்று இங்கேயும் இருக்கிறது.

ஏன் குறைகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். வண்டி ஏறிச் சாய்ந்துபோன ஸ்பிரிங்க்ளர் தலைகள். வருஷக்கணக்கில் மணல் போட்டுத் தரை உயர்ந்ததில் கீழே புதைந்து, சுற்றியுள்ள புல்லிலேயே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தவை. ஏரிப் பாசி அடைத்த நாசில்கள், அதாவது தண்ணீர் பீய்ச்சும் வாய்கள். தேய்ந்து வாய் பெருத்த நாசில்கள். பழுதானபோது கையில் கிடைத்த வேறு அளவு நாசிலை யாரோ மாட்டியிருந்ததும் உண்டு. இரண்டு குளிர்காலம், மண்வெட்டியும் மட்டக்கோலுமாக ஒவ்வொரு தலையையும் தோண்டி எடுத்துத் தரை மட்டத்துக்கு நிமிர்த்தி வைத்தோம். என்னோடு இருந்த தென்காசிக்கார அண்ணன் முதுகு வலியோடுதான் முழு வேலையையும் செய்தார். முடிந்தபோது, 22 நிமிடம் ஓட்டிய வரிசை 16 நிமிடத்தில் போதுமானதாக இருந்தது. புதிதாக ஒரு கருவியும் வாங்கவில்லை. சுற்றுச்சூழல் என்ற பேச்சு வரும்போதெல்லாம் விலை உயர்ந்த சென்சார்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு முதலில் அந்த மட்டக்கோல்தான் நினைவுக்கு வரும்.

உப்புதான் இங்கே தீராத தலைவலி. சுத்திகரித்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கும், அந்த அளவுக்கு உரத்தைக் கழித்துக்கொள்ளலாம், அது லாபம். ஆனால் உப்பும் சேர்ந்தே வரும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். உவர் பூத்த நிலம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வெள்ளைப் படலத்தை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அதை இறக்க அவ்வப்போது கூடுதலாகத் தண்ணீர் விட்டு வேருக்குக் கீழே கழுவித் தள்ள வேண்டும். சிக்கனம் பேசும் நானே சில இரவுகளில் வேண்டுமென்றே அதிகம் விடுகிறேன். உப்பைத் தாங்கும் பாஸ்பேலம் புல் வந்தபிறகு பாரம் குறைந்திருக்கிறது. குளிர்காலத்தில் நிறம் மங்கும் பெர்முடா புல்மேல் ரை புல் விதைத்து, அது முளைக்கும் வரை பகலிலும் பல தடவை நனைக்கும் வழக்கம் இருந்தது. பாஸ்பேலம் குளிரில் நிறம் அவ்வளவாக இழப்பதில்லை என்பதால் அந்த விதைப்பையும் விட்டுவிட்டோம்.

அப்புறம், புல்லே வேண்டாத இடங்கள். பந்து அபூர்வமாக விழும் ஓரங்களுக்கு எதற்குத் தண்ணீர்? அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தை 2010 வாக்கில் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் திருத்தியமைத்தபோது, சுமார் 35 ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு மணலையும் காட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1,150 ஸ்பிரிங்க்ளர்கள் 450 ஆயின. 2014இல் ஆண்கள், பெண்கள் யுஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டி இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் நடந்தன. எங்கள் சூப்பரின்டென்டென்ட் அந்தப் படங்களைக் காட்டித்தான் ஓரங்களில் புல்லை எடுக்க எங்கள் கிளப் கமிட்டியைச் சம்மதிக்க வைத்தார். ஆனாலும் ஏப்ரலில் டிவியில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும், பச்சைப்பசேலென்ற அகஸ்டா மைதானத்தைப் பார்த்துவிட்டு வரும் சில உறுப்பினர்களுக்கு நம் ஓரங்களில் மணலைக் கண்டால் மனம் ஒப்பாது. அவர்களோடு நான் சண்டை போட்டதில்லை. ஆனால் பழுப்பு நிறம் பராமரிப்பின் குறை என்று நினைப்பது தவறு என்று கேட்பவர்களிடம் சொல்லத் தயங்கியதும் இல்லை.

அப்படிப் புல் எடுத்த ஒரு மேட்டில் காஃப் மரக் கன்றுகள் நட்டோம். 2008இல் அமீரகம் தேசிய மரமாக அறிவித்தது அதைத்தான். குழி எடுத்து நட்டு மூன்று மாதம் கழித்து, துளிர்த்த இலையைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் வன்னி மரம். விஜயதசமிக்கு அம்பு போடும் மரம், திருவான்மியூர்க் கோயிலின் தலமரம். வேர் ஆழமாக இறங்கிவிட்டால் நம்மிடம் தண்ணீர் கேட்காது. வேலி ஓரத்தில் அதன் உறவுக்காரனும் தானாக முளைத்து நின்றது. எங்கள் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக்கருவேலம். அதை வேரோடு தோண்டி எடுத்தோம்.

வன்னியைப் போனில் அப்பாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தன நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுற?" என்றார். நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது என்றேன். "அந்தப் புல்லுக்கு?" என்றார். தினமும் என்றேன். "சரி, கடைமடைக்குப் போகுதா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார்.

14ஆவது ஹோலில் கிரீனுக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. கடல் காற்று நேராக அடிக்கும் இடம், தெளிக்கும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இன்னும் சரி செய்ய முடியவில்லை. இந்த வாரம் நாசிலைத் தாழ்ந்த கோணத்துக்கு மாற்றியிருக்கிறேன். நாளை விடிகாலை நான்கு மணிக்குக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.