கள்ளிக்கு டிக்கெட்டா?

"கள்ளியப் பாக்கக் காசு கொடுக்கணுமா?"

கேட்டுவிட்டு அப்பா ரெக்ளைனரை நிமிர்த்தினார். அந்த நாற்காலி நிமிர்ந்தால் எங்கள் வீட்டில் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம். வி.ஏ.ஓ.வாக இருந்து ரிட்டயர் ஆனவர், அமெரிக்காவில் அரிசோனா பக்கம் நாங்கள் இருக்கும் சாண்ட்லருக்கு வந்தாலும் வி.ஏ.ஓ.தான்.

ஊர் சுற்றிக் காட்ட இனி இங்கே என்ன மிச்சம்? கிராண்ட் கேன்யன் ஆயிற்று ("பெரிய பள்ளம்தான். தண்ணிதான் காணோம்"). மாரிகோப்பா பிள்ளையார் கோயிலில் அம்மாவை அர்ச்சகரே நலம் விசாரிக்கிற அளவுக்குப் போயாகிவிட்டது. மீதி இருந்தது ஃபீனிக்ஸ் பாப்பாகோ பார்க்கில் இருக்கும் பாலைவனத் தாவரவியல் தோட்டம். 1937-இல் தொடங்கியது, 140 ஏக்கர், ஐம்பதாயிரத்துக்கும் மேல் செடிகள் என்று நான் படித்துக்காட்ட, அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "56 ஹெக்டேர் 66 ஏர்" என்றார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

"என்னென்ன மரம் இருக்காம்?"

இங்கேதான் வினை. முதலில் கண்ணில் பட்டது மெஸ்கீட். போனில் படத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார்.

"ஆத்தா, இது நம்ம சீமைக்கருவைல்ல?"

அதேதான் என்று சொல்ல முடியாது, பங்காளி முறை. நம்மூரில் கண்மாயைத் தின்றுகொண்டிருப்பதும் இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 2017-இல் ஹைகோர்ட் மதுரைக் கிளை வெட்டு வெட்டு என்று உத்தரவு போட, முதுகுளத்தூர் பக்கம் கணக்கெடுத்தே அப்பாவுக்குச் செருப்பு தேய்ந்தது. அந்த மரத்துக்கு இங்கே பெயர்ப்பலகை, சொட்டுநீர், நிழலில் பெஞ்சு. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அம்மாதான், "அதுக்குப் பொறந்த வீடு இது. மரியாதை இருக்கத்தானே செய்யும்" என்று எங்கோ குத்தினாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேட ஆரம்பித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் கடைக்குப் போன இடத்தில் மெஸ்கீட் கரி மூட்டையைப் பார்த்துவிட்டார். கறி சுட இந்த ஊர்க்காரர்கள் வாங்குவது. விலையை ரூபாயாக்கி, கிலோவுக்கு வகுத்து, அந்த இடத்திலிருந்தே சித்தப்பாவுக்குப் போன். இங்கே பகல் பன்னிரண்டு, அங்கே நடுராத்திரி தாண்டி அரைமணி. சித்தப்பாவுக்குக் கரிமூட்டத் தொழில். யாரோ போய்விட்டார்கள் என்று பதறி எடுத்த மனிதர், விலையைக் கேட்டதும் தெளிந்துவிட்டார். "ஒரு கண்டெய்னர் ஏத்துனா என்ன செலவாகும்ணே?" ஸ்பீக்கரில் இந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை நான் தக்காளி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை குடும்ப வாட்ஸப் குழுவில் "கரி எக்ஸ்போர்ட்" ஓடிக்கொண்டிருக்கிறது. எம்.பி.ஏ. படித்த சித்தி மகன் லோகோ வேறு போட்டுவிட்டான்.

தோட்டம்? அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கவலை. மே முடிந்தால் வெயில் மனிதரை வெளியே விடாது. இப்போதே சீட் பெல்ட் பக்கிள் தொடையில் பட்டால் அம்மை போட்ட தழும்பு. "பரமக்குடியில பாக்காத வெயிலா" என்று ஒரு மதியம் வெறுங்காலோடு தபால்பெட்டிவரை போன அப்பா, திரும்பி வந்தது நடந்தல்ல, பரதநாட்டியத்தில்.

சவாரோ கள்ளி பூக்கும் காலம் இதுதான் என்று ஆசை காட்டினேன். ராத்திரி விரியும், மறுநாள் மத்தியானத்துக்குள் மூடிவிடும், விடியலில் போனால் பார்க்கலாம் என்றேன். அம்மாவுக்கு வேறு கவலை. "அங்க பிரண்டை இருக்குமா? ஒரு கணு ஒடிச்சாக் கேப்பாங்களா?" கேட்பார்கள் அம்மா, நன்றாகக் கேட்பார்கள். பதிலுக்கு நான், கைப்பையில் சீப்பு ஒன்று போட்டுக்கொள் என்றேன். சோயா (cholla) என்று ஒரு கள்ளி இருக்கிறது. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று சட்டையில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பின் பல்லை இடையில் கொடுத்து நெம்பித்தான் எறிய வேண்டும். அம்மா யோசித்துவிட்டு, "பேன் சீப்பா, சிக்குச் சீப்பா?" என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் நேற்றுக் காலை திருப்பம். வாக்கிங் போன அப்பாவைக் காணோம். தேடிப் போனால் எதிர்வீட்டு முன்வாசலில், குடையைச் செங்குத்தாகப் பிடித்து அவர்கள் வீட்டு சவாரோவின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மாள், நைட் கவுனில், காபிக் கோப்பையோடு. போலீஸைக் கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று ஓடினேன். அந்தம்மாள் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்! முதல் எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலம்தான் வளருமாம். முதல் கை, அதாவது கிளை, முளைக்கவே ஐம்பது, எழுபத்தைந்து வருஷம் ஆகுமாம். திருட்டுத்தனமாக வெட்டினால் கிரிமினல் கேஸ். சொந்த இடத்தில் நிற்பதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோகக்கூட மாநில விவசாயத் துறை அனுமதியும், மரத்தில் கட்ட ஒரு சீட்டும் வேண்டும்.

சீட்டு என்ற இடத்தில் அப்பாவின் முகம் மாறியது.

"டூ-சி பட்டா மேடம்! சேம் சேம்! கவர்மென்ட் லேண்ட், டாமரிண்ட் ட்ரீ, ஒன் ட்ரீ ஒன் பட்டா!"

பொறம்போக்குப் புளியமரத்துக்குக் கொடுக்கும் 2-சி பட்டாவை அரிசோனாக்காரிக்கு எந்த இங்கிலீஷில் புரியவைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையாமல் அடித்த வெயிலில் அந்த மரத்தின் ஒரு கை விழுந்ததாம். விழுந்த இடத்தைக் காட்டினார். மரத்தை நட்டது அவர் வீட்டுக்காரர், இப்போது இல்லை. அப்பா குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, "வெரி சாரி மேடம்" என்றார். எதற்கு என்று தெளிவில்லை. அவருக்குத் தெளிவாக இருந்திருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தம்மாள் அந்தத் தாவரவியல் தோட்டத்தில் உறுப்பினராம். விருந்தாளிச் சீட்டு வைத்திருக்கிறாராம். தானே கூட வந்து ஒவ்வொரு செடியாகக் காட்டுகிறாராம். டிக்கெட் செலவு இல்லை என்றதும் கள்ளி உயர்ந்த விஷயமாகிவிட்டது.

ராத்திரி அப்பா ரெக்ளைனரிலிருந்து பயணத் திட்டத்தை வாசித்தார். சனிக்கிழமை, கதவு திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வண்டி ஓட்டுவார். முன்சீட் மேடத்துக்கு, வழி சொல்ல. பின்னால் அப்பா, அம்மா, சின்னவன். முடித்துவிட்டு பாப்பாகோ பார்க்கில் உட்கார்ந்து சாப்பாடு.

"அப்ப நான்?"

என் கார் ஏசி போய் மெக்கானிக்கிடம் கிடக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊருக்கு வந்த நாளாக நான் பார்க்க நினைத்த தோட்டம். இவர் மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டார்.

"நீ இங்கதானே இருக்க ஆத்தா, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்ல. நாலு மணிக்கு எந்திரிச்சு புளிச்சோறு கெளறிரு. காரம் கொறச்சு, நல்லெண்ணெய் தாராளமா விடு. அந்தம்மா மொத தடவ சாப்பிடுது."